வெனிஸ்: அரை நாள் போதுமா? முதுகில் பையோடு நாலு பேர்

11 பிப்ரவரி 2025, மாலை. வாசகர் ஒருவர் கேட்டது

ஏப்ரல் கடைசி வாரம் நண்பர்கள் நாலு பேர் வெனிஸ் போகிறோம். ஆளுக்கு ஒரு முதுகுப் பை. ஒரு நாளைக்கு அறுபது யூரோவுக்கு மேல் தாங்காது. போய் வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள்: கொள்ளை விலை, நாற்றம், கூட்டம், அரை நாள் போதும், எதிரே நிலப்பகுதியில் இருக்கிற மெஸ்த்ரேயில் தங்கிக்கொள். அப்படித்தானா?

11 பிப்ரவரி, இரவு

இல்லை. அரை நாள் போதும் என்பவர்கள் ரயிலை விட்டு இறங்கி, கூட்டம் தள்ளிக்கொண்டு போன வழியிலேயே ரியால்டோ பாலம் வரை போய், சான் மார்க்கோ சதுக்கத்தில் புறாவோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதே வழியில் திரும்பியவர்கள். அவர்கள் பார்த்தது ஒரு தெருவை.

நாங்கள் போனது 2023 அக்டோபர் கடைசியில். ஜெர்மனியில் வேலையும் படிப்புமாக இருந்த நாலு பேர். பெயர் வேண்டாம், தாடி, கணக்கு, சைவம், அப்புறம் நான். கணக்கு என்பவன் பொதுப்பணத்தை வைத்திருந்தவன். உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றில் தண்ணீர் பாட்டில் வரை எழுதுவான். சைவம் முட்டை சாப்பிடுவான், அது வேறு கதை.

முதலில் பை விஷயம். முதுகுப் பையோடு போவதற்கென்றே கட்டிய ஊர் மாதிரி இருக்கும். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவை படிக்கட்டுகள். காரும் கிடையாது, ஆட்டோவும் கிடையாது. பஸ்ஸும் காரும் வந்து நிற்கிற பியாஸாலே ரோமா சதுக்கத்தோடு சக்கரத்தின் ஆட்சி முடிந்துவிடுகிறது. ட்ராலிப் பெட்டியோடு வந்தவர்கள் ஒவ்வொரு பாலத்தடியிலும் நின்று, மேலே பார்த்து, பெருமூச்சு விட்டு, பெட்டியைக் கைக்கு மாற்றுவார்கள். ரயில் நிலையத்துக்கும் பியாஸாலே ரோமாவுக்கும் நடுவில் கட்டடக் கலைஞர் கலத்ராவா வடிவமைத்து 2008-இல் திறந்த புதுப் பாலம் இருக்கிறது. கண்ணாடிப் படி. அதில் வழுக்கி விழுந்தவர்கள் அத்தனை பேர் என்பதால் கடைசியில் கண்ணாடிக்குப் பதில் கல் பதிப்பது என்று நகராட்சியே முடிவெடுத்தது. ஆயிரம் வருடமாகப் பாலம் கட்டிப் பழகிய ஊர்.

ஒரே வரியில் சொல்வதென்றால்: அது நடந்தே பார்க்க வேண்டிய ஊர். படகில் ஏறாதீர்கள், நடங்கள். மூன்று நாளும் நான் அதைத்தான் சொன்னேன். கணக்குக்குத்தான் நடக்க வலித்தது.

12 பிப்ரவரி, காலை

மெஸ்த்ரே பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். முதல் இரவு அங்கேதான். அறை மலிவு, ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், டிக்கெட் ஒன்றரை யூரோ வாக்கில். கணக்குப்படி பார்த்தால் சரிதான். ஆனால் நடப்பது என்னவென்றால், பகல் கூட்டம் வடிந்து, சந்துகளில் விளக்கு ஏறி, ஊர் மூச்சு விடுகிற நேரத்தில் நீங்களும் வடிகிற கூட்டத்தோடு ரயிலுக்கு ஓடிக்கொண்டிருப்பீர்கள். நாங்கள் ஓடினோம். மறுநாளே ஜூதெக்கா தீவில் பழைய கட்டடம் ஒன்றில் நடந்த விடுதிக்கு மாறிவிட்டோம். ஒரே அறையில் எட்டுக் கட்டில், ஜன்னலைத் திறந்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் சான் மார்க்கோ மணிக்கூண்டு.

தீவிலேயே தூங்குங்கள். ஒரு இரவாவது.

14 பிப்ரவரி

விலை கேட்டிருக்கிறீர்கள்.

வாபோரெத்தோ என்கிற படகுப் பேருந்துக்கு ஒரு தடவை டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். மூன்று நாள் பாஸ் 45. வயது 29-ஐத் தாண்டவில்லை என்றால் 6 யூரோவுக்கு ஒரு இளைஞர் அட்டை வாங்கிக்கொண்டு அதே பாஸை 27-க்கு எடுக்கலாம். தாடிக்கு முப்பது முடிந்து ஆறு வாரம். கவுண்டரில் இருந்த அம்மாள் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அன்று முழுக்க அவனை ‘பெரியவரே’ என்றுதான் கூப்பிட்டோம்.

காபியை நின்றுகொண்டே குடியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் அதே காபிக்கு வேறு விலை. சான் மார்க்கோ சதுக்கத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் வாசிக்கிற வயலினுக்கும் சேர்த்து. பொதுக் கழிப்பிடம் 1.50, அதனால் எந்தக் காபிக் கடையிலும் காபியோடு அந்த வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வாங்கவே வேண்டாம், காம்போ என்கிற ஒவ்வொரு சிறு சதுக்கத்திலும் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும், குடிக்கலாம்.

அந்தக் காம்போ நடுவில் கல்லால் செதுக்கிய கிணற்று வாய் ஒன்று மூடி போட்டு நிற்கும். அது ஊற்றுக் கிணறு இல்லை. சுற்றிலும் உப்புத் தண்ணீர், தோண்டினாலும் உப்புத்தான். சதுக்கத்தையே மழைநீர்த் தொட்டியாக்கியிருக்கிறார்கள்: அடியில் களிமண் பூசிய பெரும் குழி, அதில் மணல், நடுவே கிணறு. தரையில் விழும் மழை மூலைத் துளைகளில் இறங்கி மணலில் வடிந்து கிணற்றில் ஊறும். 1884-இல் நிலப்பகுதியிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊரே இதைத்தான் குடித்தது. குடிநீருக்காக லாரி வரும் தெருவில் வளர்ந்த எனக்கு, தேவாலயங்களைவிட இந்தக் கிணறுகள்தான் நின்று பார்க்கத் தோன்றின.

கொண்டோலா: நாங்கள் போனபோது அரை மணிக்கு 80, இப்போது 90. ஆளுக்கு இல்லை, படகுக்கு. நாலு பேராகப் பகிர்ந்தால் பரவாயில்லைதான், நாங்கள் ஏறவில்லை. அதற்குப் பதில் ட்ராகெத்தோ. பெரிய கால்வாயின் நீளம் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர், குறுக்கே பாலம் நாலே நாலு. அதனால் நடுநடுவே அலங்காரம் இல்லாத கொண்டோலா ஒன்று இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்க்கொண்டிருக்கும். வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. சாந்தா சோஃபியாவில் ஏறி மீன் சந்தைக்குப் போனோம். உள்ளூர் ஆட்கள் காய்கறிப் பையோடு நின்றபடியே வருவார்கள். தாடியும் நிற்கப் பார்த்தான். முதுகில் அறுபது லிட்டர் பை. படகு ஒரு பக்கம் சாய்ந்தது, துடுப்புக்காரர் எதுவும் பேசாமல் அவன் தோளில் கையை வைத்து, குழந்தையை உட்கார வைப்பது போல உட்கார வைத்தார்.

“பாஸ் இருக்கும்போது இது எதுக்குடா தனியா 2 யூரோ?” என்று கணக்கு முனகினான். அவன் அப்படித்தான்.

15 பிப்ரவரி, இரவு

சாப்பாடு தனியாக எழுத வேண்டும்.

பாக்கரோ என்று சின்னச் சின்னக் கடைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டித் துண்டு மேல் ஏதாவது ஒன்று வைத்த சிக்கெத்தி வரிசையாக இருக்கும். ஒன்று ஒன்றரை முதல் மூன்று யூரோ வரை. நாலைந்து சாப்பிட்டால் மதியம் முடிந்தது. சைவத்துக்கு அவித்த அரை முட்டை, கத்தரிக்காய், கூனைப்பூ. கூனைப்பூ என்றால் என்ன என்று அவன் கேட்டான், எனக்கும் தெரியாது, பேர்தான் தெரியும் என்றேன். தாமரை மொட்டை எண்ணெயில் ஊறப்போட்ட மாதிரி ஒன்று.

எனக்கு சார்தே இன் சாவோர். மத்தி மீனை மாவில் புரட்டிப் பொரித்து, அதன்மேல் வதக்கிய வெங்காயத்தை மூடாக்குப் போல நிரப்பி, வினிகர் ஊற்றி, உலர் திராட்சையும் பைன் கொட்டையும் தூவி மூடி வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கே சாப்பிட்டால் அது அது இல்லை. ஒரு நாளாவது கிடக்க வேண்டும். கடலில் நாள் கணக்காகப் போகிறவர்களுக்காகக் கண்டுபிடித்தது. வெங்காயம் மீனின் எண்ணெயை இழுத்துக் கண்ணாடி போல் ஆகியிருக்கும், முதலில் இனிப்பு வரும், பின்னாலேயே புளிப்பு. நேற்று வைத்த மீன்குழம்பை இன்று காலை பழையதோடு சாப்பிடுகிற ஆளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரவுக்கு சூப்பர்மார்க்கெட். கன்னரேஜோ பகுதியில் தியாத்ரோ இத்தாலியா என்ற பழைய திரையரங்கை அப்படியே சூப்பர்மார்க்கெட்டாக மாற்றியிருக்கிறார்கள். மேலே ஓவியம் தீட்டிய விதானம், கீழே தயிர் டப்பா. ரொட்டி, சீஸ், தக்காளி வாங்கி ஒரு நாள் இரவை ஆளுக்கு நாலு யூரோவில் முடித்தோம். ஆனால் வாங்கியதைப் பாலத்துப் படியில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள், அபராதம். 2019-இல் முதுகுப் பையோடு வந்த ஜெர்மானியர் இருவர் ரியால்டோ பாலத்தடியில் சின்ன அடுப்பு பற்றவைத்துக் காபி போட்டார்கள். 950 யூரோ அபராதம், ஊரை விட்டும் போகச் சொல்லிவிட்டார்கள். உலகத்திலேயே விலை கூடிய காபி சான் மார்க்கோவில் இல்லை.

18 பிப்ரவரி

“வழி தவறுவதுதான் வெனிஸின் அழகு என்கிறார்களே” என்று கேட்டவருக்கு: தனியாகத் தவறினால் அழகு. நாலு பேராகத் தவறினால் சண்டை.

ஊர் ஆறு வட்டங்களாக, அதாவது பகுதிகளாக, பிரிந்தது. வீட்டு எண் தெருவுக்குத் தெரு கிடையாது, வட்டம் முழுக்க ஒரே ஓட்டம். காஸ்தெல்லோவில் ஆறாயிரத்தைத் தாண்டும். தபால்காரருக்கே வெளிச்சம். ‘ரியோ தெரா’ என்று சுவரில் எழுதியிருந்தால் அது தூர்த்த கால்வாய், ‘ஃபோந்தமெந்தா’ என்றால் கால்வாய்க் கரைப் பாதை, ‘சோத்தோபோர்த்தெகோ’ என்றால் வீட்டுக்கு அடியில் புகுந்து போகும் வழி. இதை மட்டும் தெரிந்துகொண்டால் பாதி தப்பித்தீர்கள். மஞ்சள் பலகை இன்னொரு வேடிக்கை. ‘ரியால்டோவுக்கு’ என்று எழுதி இடப்பக்கம் ஒரு அம்பு, வலப்பக்கம் ஒரு அம்பு. இரண்டும் சரி.

மூன்றாம் நாள் காலை புரானோ தீவுக்குப் போக ஃபோந்தமெந்தே நோவேயில் 12-ஆம் எண் படகைப் பிடிக்க வேண்டும். நான் முன்னால், கையில் போன். சந்துகளின் உயரத்துக்கும் அகலத்துக்கும் நீலப் புள்ளி தாறுமாறாகத் தாவியது. நம்மை ஒரு வீட்டின் சமையலறைக்குள் நிற்க வைத்தது, அப்புறம் கால்வாய் நடுவில். சான் கன்சியானோ பக்கம் கால்லெத்தா வரிஸ்கோ என்று ஒரு சந்து, குறுகின இடத்தில் 53 சென்டிமீட்டர். தாடி புத்திசாலித்தனமாகப் பக்கவாட்டில் நுழைந்தான். பையோடு பக்கவாட்டில் திரும்பினால் ஆள் இன்னும் தடிமனாகிறான் என்பது நுழைந்த பிறகுதான் புரிந்தது. பின்னாலிருந்து பையைப் பிடித்து இழுத்தோம்.

ஒரே பாலத்துக்கு மூன்றாம் முறை வந்தபோது, காய்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் சைவம் வழி கேட்டான். “செம்ப்ரே திரித்தோ” என்றார். நேராகப் போய்க்கொண்டே இரு என்று அர்த்தம். நேராகப் போனால் தண்ணீரில்தான் விழ வேண்டும். நம் ஊரில் “இதோ பக்கத்துலதான்” என்று மூன்று கிலோமீட்டரைக் காட்டுவார்களே, அதே வம்சம்.

பாலத்தின் உச்சியில் வைத்துக் கணக்கு வெடித்தான். “மூணு நாள் பாஸ் எடுத்துட்டு மூணு நாளும் நடக்குறதுக்கு நாம என்ன பாதயாத்திரையா வந்தோம்?” நான் ஏதோ சொன்னேன், அவன் ஏதோ சொன்னான். அவனும் சைவமும் ஒரு பக்கம், நானும் தாடியும் ஒரு பக்கம். அவர்கள் புரானோ போனார்கள். நாங்கள் போகவில்லை. நடக்கச் சோம்பல்படுகிறவனோடு பயணம் போகாதீர்கள் என்பதே என் அறிவுரை.

19 பிப்ரவரி

மேலே படித்துப் பார்த்தால் கணக்கைக் கொஞ்சம் அதிகமாகத் திட்டியிருக்கிறேன். போகட்டும்.

19 பிப்ரவரி, இரவு

இந்த ஊர் மரக்கழிகள் மேல்தானே நிற்கிறது, தண்ணீருக்குள் மரம் மட்காதா என்று ஒருவர் கேட்டார். மட்காது: ஓக், லார்ச் கழிகளைச் சேற்றில் நெருக்கமாக அடித்து அதன்மேல் கல்லடுக்கிக் கட்டியது, சேற்றில் காற்று இல்லை, அதனால் மரம் கல்லாகவே மாறிவிட்டது.

20 பிப்ரவரி

‘கல்லாக மாறிவிட்டது’ தப்பு. வழிகாட்டிகள் எல்லாம் சொல்வதை நானும் ஒப்பித்துவிட்டேன். காற்றில்லாத சேற்றிலும் வாழும் பாக்டீரியா உண்டு, மெதுவாக அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. மரமும் சேறும் தண்ணீரும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருப்பதால்தான் கட்டடம் நிற்கிறது. திருத்தியவருக்கு நன்றி.

இந்த லட்சணத்தில் இன்னொன்று. நான் ஜன்னலில் ரசித்த அந்தப் ‘பழைய’ மணிக்கூண்டு 1902 ஜூலை 14 அன்று பொலபொலவென்று உதிர்ந்து விழுந்து, 1912-இல் இருந்த இடத்திலேயே இருந்தபடியே திரும்பக் கட்டியது. மனித உயிர் ஒன்றும் போகவில்லை, செத்தது காவலாளியின் பூனை மட்டும்தான் என்பார்கள்.

22 பிப்ரவரி

நாற்றம். அக்டோபரில் எங்களுக்கு இல்லை. ஒரே ஒரு மதியம், தண்ணீர் நன்றாக இறங்கி, சுவரின் பச்சைப் பாசிக்குக் கீழே கறுப்புச் சேறு தெரிந்தபோது இருந்தது. கூவத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவன் அதை நாற்றம் என்று சொல்ல வெட்கப்பட வேண்டும். ஊருக்குப் பொதுவான பாதாளச் சாக்கடை கிடையாது. பல வீடுகளின் கழிவுநீர் தொட்டியில் தங்கித் தெளிந்து கால்வாய்க்கு வருகிறது. கடல் தினம் இரண்டு முறை ஏறி இறங்கி அலசிக்கொண்டு போகிறது. கோடையில் எப்படியோ, ஏப்ரலில் பயம் வேண்டாம்.

வெள்ளம். இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு நாளாக ஒத்திப்போட்டேன்.

சண்டை போட்ட அன்று இரவு. நானும் தாடியும் சான் த்ரோவாஸோ பக்கம் கொண்டோலா பழுது பார்க்கிற பட்டறையை எதிர்க்கரையிலிருந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதினொரு மணிக்கு சான் மார்க்கோவுக்கு வந்தோம். பகலில் கால் வைக்க இடமில்லாத சதுக்கம். இப்போது ஆள் இல்லை, ஆனால் தரையும் இல்லை. விளக்கு வரிசை முழுக்கத் தலைகீழாகக் கீழே எரிந்துகொண்டிருந்தது.

தண்ணீர் கரையைத் தாண்டி அலையாக வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. பாவு கல்லுக்கு நடுவே மழைநீர் இறங்க வைத்த துளை ஒன்று என் காலடியில் இருந்தது. அதிலிருந்து குமிழ்விட்டுக்கொண்டு, பால் பொங்குகிற அமைதியில், தண்ணீர் மேலே வந்தது. வடிகால் வழியே கடல் ஏறி வருகிறது. ஒரு சிகரெட் துண்டு துளையைச் சுற்றிச் சுற்றி வந்து, அப்புறம் மனம் மாறி என் பக்கம் மிதந்து வந்தது.

செருப்பைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டு, பேன்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு நடந்தோம். குளிர் எலும்பில் ஏறியது. எதிர்ப்பக்கத் தூண் வரிசையிலிருந்து அதே கோலத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் நோட்டு.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சைவம் புரானோவில் வாங்கிய வளைய பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தான், முட்டை மஞ்சள் வாசம். தண்ணீரில் நின்றபடி நாலு பேரும் தின்றோம். பகல் எங்கே போனீர்கள் என்று அவன் கேட்டான், நடந்தோம் என்றேன். கணக்கு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

23 பிப்ரவரி

மோசே அணை இருக்கிறதே, அப்புறம் எப்படித் தண்ணீர் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஊரைச் சூழ்ந்த லகூன் என்கிற உப்பங்கழி கடலோடு சேரும் மூன்று வாய்களிலும் சேர்த்து 78 மதகுகள். முதன்முறை வெள்ளத்துக்காக எழுப்பியது 2020 அக்டோபர் 3. ஆனால் தண்ணீர் மட்டம் 110 சென்டிமீட்டரைத் தாண்டும் என்று தெரிந்தால்தான் எழுப்புவார்கள். சான் மார்க்கோ ஊரின் தாழ்ந்த இடம், அதற்கு எண்பது தொண்ணூறே போதும். 2019 நவம்பரில் 187 வந்தது, 1966-இல் 194. நாங்கள் நின்றது அதன் முன்னால் வாய்க்கால் தண்ணீர். இப்போது தேவாலயத்தைச் சுற்றி மட்டும் கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறார்கள்.

26 பிப்ரவரி

இழை எங்கேயோ போகிறது, போகட்டும். “அவர்கள் ஊர் அவர்களுக்கு, நமக்கென்ன அதோடு” என்று ஒருவர் எழுதியிருந்தார்.

சான் மார்க்கோ சதுக்கத்தின் கோடியில் கோர்ரேர் அருங்காட்சியகம். மழைக்கு ஒதுங்கத்தான் நுழைந்தோம். காசுகள் வைத்திருந்த பெட்டி முன்னால் சைவம் நின்றுவிட்டான். வெனிஸ் தங்கக் காசு, 1284 முதல் அடித்தது, மூன்றரை கிராம். ஒரு பக்கம் புனித மாற்கு கொடிக்கம்பத்தைக் கொடுக்க, ஊர்த் தலைவரான டோஜே மண்டியிட்டு அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். “இது எங்க ஆச்சி காசுமாலையில இருக்குடா. பனையேறுற ஆள்னு சொல்வாங்க” என்றான். சிரித்தோம். அப்புறம் படித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி. மிளகுக்கும் துணிக்கும் விலையாக அந்தக் காசு தென்னிந்தியாவுக்கு மூட்டை மூட்டையாக வந்திருக்கிறது. கம்பத்தைப் பிடித்து மண்டியிட்ட டோஜேயை நம் ஆட்கள் பனையில் ஏறுகிறவராகப் பார்த்திருக்கிறார்கள். நகையில் கோத்திருக்கிறார்கள், அதே அச்சில் உள்ளூரிலேயே போலியும் அடித்திருக்கிறார்கள். ஆச்சியுடையது எந்த ஊர் அச்சு என்று இதுவரை அவன் உரசிப் பார்க்கவில்லை.

மார்கோ போலோ காயலுக்கு வந்தது எல்லோருக்கும் தெரியும். 1638-இல் வெனிஸில் பிறந்த பயண எழுத்தாளர் மனூச்சி கடைசிக் காலத்தைச் சென்னையில் கழித்தார். வருகை இரு பக்கமும் இருந்திருக்கிறது. நாங்கள்தான் கொஞ்சம் தாமதம்.

1 மார்ச்

தீவிலேயே தூங்குங்கள் என்று அடித்துச் சொன்னேன். அதில் எனக்கே ஒரு முள் இருக்கிறது.

ரியால்டோ பக்கத்தில் காம்போ சான் பர்த்தொலொமேயோவில் ஒரு மருந்துக்கடை. அதன் ஜன்னலில் சிவப்பு விளக்கு எண்கள், இருமல் மருந்துக்குப் பக்கத்தில். பழைய நகரில் குடியிருப்போர் எத்தனை பேர் என்ற கணக்கு. நாங்கள் பார்த்தபோது 49 ஆயிரத்துச் சொச்சம். 1951-இல் அது 1 லட்சத்து 75 ஆயிரம். நாங்கள் போன அதே 2023-இல்தான் சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போர் எண்ணிக்கையை மிஞ்சியது. அதில் நாலு படுக்கை எங்களுடையது.

அப்படியானால் மெஸ்த்ரேயில் தங்குவதுதான் நியாயமா? தெருவை மட்டும் மிதித்துவிட்டு, ஒரு காபிகூட வாங்காமல் ஓடுகிற பகல் கூட்டம்தான் ஊரைக் கொல்கிறது என்று அங்கே இருப்பவர்களே சொல்கிறார்கள். குடியிருப்பு வீட்டை வாடகை அறையாக்கிய இடத்தில் தங்குவதைவிட, விடுதி என்றே நடக்கிற இடத்தில் தங்கலாம் என்பது வரைக்கும் வந்திருக்கிறேன். காஸ்தெல்லோவில் வியா கரிபால்டி தாண்டிப் போனால் சந்துக்குக் குறுக்கே துணி காயும், பையன்கள் தேவாலயச் சுவரில் பந்தடிப்பார்கள். அங்கே நடக்கும்போது குரலைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாலு தமிழர் பேசினால் எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

4 மார்ச், இரவு

கணக்கு இதைப் படித்துவிட்டான்.

போன் எடுத்ததும், “நடக்கச் சோம்பல்படுகிறவனா? எழுதுடா, நல்லா எழுது. நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றான். சொன்னான். அதனால் இங்கே நானே சொல்லிவிடுவது மரியாதை.

என் மூன்று நாள் பாஸ் இரண்டாம் நாள் மதியமே தொலைந்துவிட்டது. வாங்கி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. பத்திரமாக வை என்று கணக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தான், அதனால் வாய் வரவில்லை. ‘இது நடந்தே பார்க்க வேண்டிய ஊர்’ என்ற தத்துவம் பிறந்தது அந்த நிமிடத்தில். ட்ராகெத்தோவில் ஏறியது அதற்கு பாஸ் செல்லாது, எல்லாரும் காசு கொடுத்தாக வேண்டும் என்பதால். புரானோ போகும் வழி தவறியதில் போனின் குற்றம் பாதிதான். போய்வர எனக்குத் தனியாக 19 யூரோ ஆகும். நான் அவ்வளவு அவசரப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூதெக்காவுக்குப் பாலம் கிடையாது. விடுதிக்குப் போக, வர, ஒவ்வொரு முறையும் கழிப்பிடம் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு பின்தங்கி, இயந்திரத்தில் 9.50 போட்டுத் திருட்டுத்தனமாக டிக்கெட் எடுத்தேன். நாலு முறை. 38 யூரோ. புதுப் பாஸே 27தான் என்பது எனக்கு மூன்றாம் நாள் இரவு, தண்ணீரில் நிற்கும்போதுதான் உறைத்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“முதல் தடவையே பார்த்தேன். நீயா சொல்வேன்னு இருந்தேன். நீ எங்களைப் பாலம் பாலமா ஏத்தி இறக்குன.”

ஆகவே 18 பிப்ரவரி அன்று நான் எழுதிய அறிவுரையை வாபஸ் வாங்குகிறேன். 11-ஆம் தேதி எழுதியதை மட்டும் வாங்க மாட்டேன். ஊர் நடந்தே பார்க்க வேண்டியதுதான். கிணற்று வாய், துணிக்கொடி, பாலத்துப் படியில் ஏற்றுவதற்காக முன்னால் இரண்டு குட்டிச் சக்கரம் வைத்த தள்ளுவண்டி, அதைத் தள்ளிக்கொண்டு “அத்தென்ஸியோனே” என்று கத்திக்கொண்டே வருகிறவர், இதெல்லாம் படகில் போனால் கிடைக்காது. காரணம் பொய்யாக இருந்தாலும் பார்த்தது பார்த்ததுதான்.

5 மார்ச்

முதலில் கேட்ட நண்பருக்கு, மறப்பதற்கு முன்னால்: நீங்கள் போகும் நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. 2025-இல் ஏப்ரல் 18 தொடங்கி ஜூலை வரை 54 நாட்கள், காலை 8.30 முதல் மாலை 4 வரை. நாலு நாளுக்கு முன்பே பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரம் என்றால் 10. இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, மெஸ்த்ரேயில் தங்கினாலும் இல்லை. ஆனால் விலக்கு என்று இணையத்தில் பதிந்து கியூஆர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பாஸ் வாங்கினால் ஒவ்வொரு முறை ஏறும்போதும் கருவியில் தொட வேண்டும். தொலைத்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

9 மார்ச்

கணக்கு அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். ஈரத்தில் மை கொஞ்சம் பரவியிருக்கிறது. மேலே ‘ட்ராகெத்தோ 4 × 2 = 8’. அடுத்த வரி ‘பிஸ்கட் (சைவம் கொடுத்தது)’. அதற்குக் கீழே, என் பெயர் போட்டு:

‘நடந்தே பார்க்க வேண்டிய ஊர், 4 × 9.50 = 38. பொதுக்கணக்கில் சேராது.’